முள்ளே இல்லாத காலில் முள் எடுத்தேன்

வேறு ஒருவர் காலாவது தப்பட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறுவடை முடிந்த மறுநாள் காலை, என் வீட்டுக்காரரின் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே கத்தினார். எங்கள் பென்னலூரில் வேலிகாத்தான் முள் ஏறாத கால் கிடையாது. ஆகவே முள்தான் என்று நானே முடிவு கட்டி, தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தித் தேடினேன்.

"வோணாம்டி, உயிரு பூடுது!"

"சும்மா இருய்யா. முள்ளு ஆழமா ஏறிக்கீது."

முள் வரவில்லை. அதை இழுத்துவிடும் என்று எருக்கம்பால் வைத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் சீழ் வைத்து, காய்ச்சலும் வந்துவிட்டது. மாட்டுவண்டியில் ஸ்ரீபெரும்புதூர் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"முள்ளே இல்லம்மா. ரத்தத்துல யூரிக் அமிலம் மிஞ்சி மூட்டுல படிஞ்சதால வந்த வீக்கம் இது. சீழ் மட்டும் நீ குத்துனதுல வந்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலையே எடுக்கவேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர்.

புண் ஆறியது. வீக்கம் வடிந்த பிறகு, அந்த அமிலம் மறுபடி ஏறாமலிருக்க, தினமும் சாப்பிட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வலிதான் இல்லியே" என்று இவர் அதை நிறுத்தப் பார்ப்பார், நான் விடுவதில்லை. அமிலத்தைக் கூட்டும் என்று ஈரல் வறுவலையும் நிறுத்தியாயிற்று. சரட்டிலிருந்த ஊக்கையும் கழற்றிவிட்டேன். ஆனாலும் நகம் வெட்டக் காலைக் கேட்டால், என் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் மனிதர் காலை நீட்டுகிறார்.