மலைப் பள்ளத்தாக்கில் பொச்சுமட்டைப் புகை

அன்று வேனில் போனது நான், என்னுடன் பிறந்த மூத்தவர் நானா, அவர் மனைவி மச்சி, அவர்களின் ஐந்து வயது மகள், வாடகை வேன்காரர். வேறு ஒருவரும் இல்லை. கற்பிட்டிக் கரையை விட்டு நாங்கள் மலைநாட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

வழி முழுக்க எனக்குப் பயம். வளைவில் பிரேக் பிடிக்காவிட்டால்? மண் சரிந்தால்? கீழே பள்ளத்தாக்கில் அருவியும் தோட்டத் தொழிலாளரின் லயத்துக் கூரைகளும் பனிமூட்டத்தில் வந்து வந்து மறைந்தன. நான் ஓதிக்கொண்டே இருந்தேன்.

"இவளுக்குப் பதிலா ஒரு கருவாட்டு மூட்டய ஏத்தியிருக்கலாம்," என்றார் நானா. "அது சத்தம் போடாது."

பகல் சாப்பாட்டுக்குப் பெரிய மரமொன்றின் கீழ் இறங்கினோம். புல்லில் இரத்தம் குடிக்கும் அட்டைகள். அவற்றை விரட்ட, நானா கரையிலிருந்து கொண்டுவந்த சாக்கிலிருந்து தேங்காய்ப் பொச்சுமட்டையை எடுத்து மூட்டினார். எங்கள் கரையில் நுளம்புக் கடிக்கு அந்தப் புகைதான் மருந்து.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தினார். "ஐயா, பொகைய அமத்துங்க. மரத்துல குளவிக் கூடு இருக்கு."

"நாங்க காணாத குளவியா, தங்கச்சி," என்றார் நானா.

மரம் உறுமியது. கிளையிலிருந்து கறுப்பாக ஒன்று கொட்டுண்டு எங்கள்மேல் விழுந்தது. நானாவின் முகம் தெரியவில்லை. அறைந்து நசுக்கினார், நசுக்க நசுக்க இன்னும் வந்தன. வேன்காரர் உள்ளே ஏறிக் கதவைப் பூட்டிவிட்டார். நானா கல்லால் கண்ணாடியை அடித்தார், கையெல்லாம் இரத்தம். மச்சி தேயிலைக்குள் விழுந்து உருண்டார். நான் அபாயாவால் முகத்தை மூடிக் குந்திவிட்டேன். பிள்ளை தனியே நின்று அலறியது.

அந்தப் பெண் ஓடி இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றி, அதன்மேல் கவிழ்ந்து படுத்தார். அவருடைய பிடரியும் கைகளும் குளவியால் மூடிப்போயின. எழும்பவே இல்லை.

தோட்டத்து லொறியில் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண் திறந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் கணவர் மெதுவாகச் சொன்னார்: "வேலைக்குப் போகாத நாளைக்குச் சம்பளம் இல்லீங்க."

முகம் வீங்கிக் கண் திறக்க முடியாத நானா, "அவ எழும்பி வேலைக்குப் போற வரைக்கும் நான் தாறன்," என்றார். கையில் இருந்ததைக் கொடுத்தார்.

அந்தப் பெண் மறுபடி கொழுந்து பறிக்க மலை ஏறத் தொடங்க மாதம் ஒன்றுக்கு மேல் ஆனது. இங்கே கற்பிட்டியில் கச்சான் காற்று, கடலுக்கு இறங்க முடியாது. நானாவின் தோணி கரையில் கிடக்கிறது. போன் அடித்தால், அந்தப் பெண்ணின் கணவரோ என்று எடுக்க எனக்குப் பயம். நானா கொடுத்தது போக, இன்னும் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுக்கவேண்டும்.