லெச்சேயில் ஒற்று மிகும்

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மதுரை விமான நிலையத்தில் என்னை வழியனுப்ப வந்தவன் முருகேசன் ஒருவன்தான். என்னைப் போல அவனும் கோயிலைச் சுற்றிக்காட்டும் கைடு. அவனுக்குப் பிரெஞ்சு, எனக்கு இத்தாலியன். கோச்சடையில் என் வீட்டிலிருந்து என் பெட்டியைப் பைக்கின் முன்னால் நிறுத்திக்கொண்டு, காலை அகட்டியபடியே அத்தனை தூரமும் ஓட்டிவந்தான். வாசலில் இறக்கிவிட்டதும் சொன்னான்:

"அண்ணே, போற எடத்துல மானத்த வாங்கிராதீக."

"யாரு மானத்தடா?"

"நம்ம மானத்தத்தேன். அவுக மானத்த வாங்குனா எனக்கென்ன!"

நான் போவது இத்தாலியின் தென்கோடியிலுள்ள லெச்சே என்ற ஊருக்கு. வரைபடத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் போல இருக்கும் என்பார்களே, அதன் குதிகாலில் இருக்கிறது. பரோக் என்ற பழைய கட்டடப் பாணிக்குப் பேர் போன ஊர். சுவரில் உள்ளங்கை அகலம்கூடச் சும்மா விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு செதுக்கித் தள்ளும் பாணி அது. கோபுரத்துக்குக் கீழே பிழைப்பு நடத்துகிறவனுக்கு இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் கிளம்பினேன்.

அழைத்தவர் ரொசெல்லா. அவரும் அந்த ஊரில் கைடுதான். எட்டு வருடத்துக்கு முன் கணவர் வீத்தோவோடும் ஒரு கூட்டத்தோடும் மதுரைக்கு வந்தபோது, இரண்டு நாள் நான்தான் சுற்றிக்காட்டினேன். வரும் ஜனவரியில் தன் ஊர்க்காரர்கள் நாற்பது பேரைக் கூட்டிவரப் போகிறாராம். "கிளம்புவதற்கு முன் நீயே வந்து அவர்களிடம் ஒரு மணி நேரம் உன் ஊரைப் பற்றிப் பேசு, இத்தாலியனில்" என்று எழுதி டிக்கெட்டும் அனுப்பிவிட்டார்.

அந்த 'இத்தாலியனில்' என்ற சொல்லில்தான் சிக்கல். நான் எந்தப் பள்ளியிலும் இத்தாலியன் படித்தவன் இல்லை. வந்தவர்கள் வாயிலிருந்து விழுந்ததை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, இருபத்திரண்டு வருடமாக அதை வைத்தே காலம் தள்ளுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் மிலான் நகரத்துக்காரர் ஒருவர், பொற்றாமரைக் குளத்துப் படியில் வைத்து, "தயவுசெய்து ஆங்கிலத்தில் பேசுங்கள். நீங்கள் பேசுவது இத்தாலியன் இல்லை" என்றார். முருகேசனும் இன்னும் நாலு கைடுகளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தை உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. நான் பேசுவது இத்தாலியன்தானா, இல்லை நானாகச் செய்துகொண்ட ஏதோ ஒன்றா? லெச்சேயில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அது தெரிந்துவிடும்.

வியாழன் பகல் 12.05. சென்னை, வளைகுடா, ரோம் என்று மாறி மாறி ஏறி இறங்கி, ரோம் நகரத்தின் பெரிய ஸ்டேஷனில் லெச்சே ரயிலைப் பிடித்தேன். டிக்கெட் ஐம்பத்திரண்டு யூரோ. நம் பணத்தில் ஐயாயிரத்தை ஒட்டி வரும். ஐந்தரை மணி நேரப் பயணம். டிக்கெட் பரிசோதகர் வந்தபோது, வழியிலுள்ள பாரி என்ற ஊர் எத்தனை மணிக்கு வரும் என்று இத்தாலியனில் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தண்ணீர் பாட்டில் விற்றவளிடம் இத்தாலியனில் விலை கேட்டேன். அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். சரிதான், மிலான்காரன் சொன்னது நிஜமாகிவிடும் போலிருக்கிறதே என்று ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். பாரி தாண்டியதும் செம்மண். அதில் வரிசை வரிசையாக ஆலிவ் மரங்கள். பல மரங்கள் பட்டுப்போய் வெள்ளை எலும்பாக நின்றன. ஏதோ நோய் வந்து இந்தப் பக்கத்து மரங்களை வாரிக்கொண்டு போய்விட்டதாகப் பின்னால் வீத்தோ சொன்னார்.

வெள்ளி காலை ஒன்பது மணி. ஊர் சுற்றக் கிளம்பினோம். ரொசெல்லா முன்னால், நானும் வீத்தோவும் பின்னால். வீத்தோ ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், சுத்த வழுக்கை, தலையில் எப்போதும் ஒரு வைக்கோல் தொப்பி. ஊர் முழுக்க ஒரே கல்தான், நாட்டுச்சர்க்கரை நிறத்தில். வெட்டி எடுக்கும்போது சோப்புக்கட்டி போல இளக்கமாக இருக்குமாம். காற்றுப்பட்டால் இறுகிவிடுமாம். அதனால்தான் சன்னல், பால்கனி, வாசல்படி என்று எதையும் விடாமல் பூவும் பழமும் முகமுமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஊர் நடுச் சதுக்கத்தில் பாதி தோண்டிய நிலையில் ஒரு ரோமானிய வட்ட அரங்கம். "இரண்டாயிரம் வருடம்" என்றார் வீத்தோ, தன் சொந்த வீட்டைக் காட்டுவது போல.

"எங்கள் கீழக்குயில்குடி மலையில் சமணர்கள் படுத்த கல் படுக்கை இருக்கிறது. அதுவும் லேசுப்பட்ட வயசு இல்லை" என்றேன்.

"படுக்கைதானே? இது ஊரே உட்கார்ந்த இடம்."

"இங்கே உட்கார்ந்தவர்கள் மனுஷனை மனுஷன் குத்துவதைப் பார்த்தார்கள். அங்கே படுத்தவர்கள் எறும்பைக்கூட மிதிக்காதவர்கள்."

வீத்தோ தொப்பியைத் தூக்கி எனக்கு ஒரு கும்பிடு போட்டார். காப்பிக் கடையில் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். ஐஸ் கட்டியில் காப்பியை ஊற்றி, அதில் பாதாம் பால் கலந்து தருகிறார்கள், இரண்டு யூரோ. எங்கள் ஊரில் பாலில் பாதாம் பிசினைப் போட்டு ஐஸ் சேர்த்து ஒன்று உண்டு, அதைக் குடித்தால் இந்தக் கடையை மூடிவிடுவீர்கள் என்றேன். பேராலயத்து மணிக்கோபுரம் எழுபது மீட்டர் என்று ரொசெல்லா சொன்னபோது மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. நம் தெற்குக் கோபுரம் அந்த உயரம் வராது.

பதினொன்றரை மணிக்கு சாந்தா க்ரோச்சே என்ற கிறிஸ்தவக் கோயில். சும்மா சொல்லக்கூடாது, அந்த முகப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மேல்மாடத்தைத் தோளில் தாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிற மனிதர்கள். நடுநடுவே சிங்கமும் கழுகும் இன்னும் பேர் தெரியாத மிருகங்களும். அதற்கு மேலே பல்லைக் காட்டும் முகங்கள். நம் கோபுரத்தில் மேல் அடுக்கைத் தாங்கும் பூதங்களின் ஒன்றுவிட்ட தம்பிகள்தான் இவர்கள், சந்தேகமே இல்லை. எனக்குக் குபுக்கென்று சந்தோஷம் பொங்கிவிட்டது. வாசலை நெருங்கியதும் தொழில் புத்தி சும்மா இருக்குமா? மதுரையில் தினமும் சொல்வதை அப்படியே வீத்தோவிடம் சொன்னேன். "சிஞ்ஞோரே, கபெல்லியைக் கழற்றுங்கள்!"

வீத்தோ மெதுவாகத் தொப்பியை எடுத்தார். வழுக்கையைக் குனிந்து காட்டினார். "நான் மதுரைக்கு வரும் முன்பே கழற்றிவிட்டேனே!"

ரொசெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொன்னார். தொப்பிக்கு இத்தாலியனில் கப்பெல்லி. கபெல்லி என்றால் தலைமுடி. நடுவில் ஒரே ஒரு 'ப்' தான் வித்தியாசம். எட்டு வருடத்துக்கு முன் மதுரையில் அவர்கள் கூட்டம் முழுவதையும் பார்த்து நான், "உள்ளே போகுமுன் செருப்பையும் தலைமுடியையும் கழற்றிவிடுங்கள்" என்றேனாம். எதிரில் நாலு பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நடந்தார்களாம். இரண்டு பெண்கள் பயந்தேபோனார்களாம்.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்வது பாண்டி? நீ அவ்வளவு கம்பீரமாகச் சொன்னாய்."

என் நோட்டில் எழுதியிருப்பது 'கபெல்லி' தான். ஒற்றுப் பிழைக்காகத் தமிழ் வாத்தியாரிடம் புறங்கையில் அடி வாங்கியவன் நான். லெச்சே என்ற பேரிலேயே ஒரு ச் மிகுந்து நிற்கிறது. எனக்குத்தான் புத்தியில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும். என் பேச்சுச் சாதுரியத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். ஒரு தடவை சடை போட்ட அம்மா ஒருத்தி, இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வண்டிக்குத் திரும்பிப் போனாள். உடம்பு சரியில்லையோ என்று சோடா வாங்கிக் கொடுத்தேன். அதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, உள்ளே இருந்த சிற்பம் எதையும் நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு முருகேசனுக்குப் போன் போட்டேன். அங்கே ஏழரை. விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டான். அப்புறம் வெடித்தான்.

"அப்ப இம்புட்டு வருசமா வெள்ளக்காரன மொட்ட போடச் சொல்லிருக்கீகளா! அடேயப்பா!"

"சிரிக்காதடா. வயிறெரியுது."

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கவா? அவுக சிரிச்சாகள்ல?"

"சிரிச்சாக."

"அப்ப நீங்க சொன்னது புரிஞ்சுதானண்ணே சிரிச்சாக? புரியாட்டி முழிச்சுல்ல இருப்பாக!"

அவன் சொன்னது என் காதில் ஏறவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது ரொசெல்லாவிடம், "நாளைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நான் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறேன்" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். நான் பிடிவாதம் பிடித்தேன்.

சனி சாயங்காலம் ஆறு மணி. பழைய மடம் ஒன்றின் கூடம். உயரமான வளைவுக் கூரை, மர நாற்காலிகள். நாற்பது பேர் என்றார்கள், அதற்கு மேலேயே வந்திருந்தார்கள். பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் கார்லா என்ற அம்மாள், ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் பேனாவும் காகிதமுமாக. நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வேன். அவர் இத்தாலியனில் ஒரு வாக்கியம் சொல்வார். வைகை வந்தது, ஊரின் சதுர வீதிகள் வந்தன. பின் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். என் மதுரை அங்கே உப்புச் சப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

கோபுரத்துக்கு வந்தேன். "ஒரே கோபுரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதை உருவங்கள்" என்றேன். கார்லா அதை இத்தாலியனில் சொன்னபோது, 'புப்பாத்ஸி' என்ற சொல் என் காதில் விழுந்தது. குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்குமே, அந்தப் பொம்மை.

நாமும் ஊரில் கோபுரத்துப் பொம்மை என்றுதான் சொல்கிறோம், மறுக்கவில்லை. நாம் சொல்லலாம்! கேட்ட மாத்திரத்தில் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"புப்பாத்ஸி இல்லை, சிஞ்ஞோரா!" என்று எழுந்துவிட்டேன், என் நோட்டு இத்தாலியனிலேயே. "பொம்மையாம் பொம்மை! உங்கள் சாந்தா க்ரோச்சேயில் மாடத்தைத் தாங்கி நிற்கிறார்களே, அவர்கள் பொம்மையா? அப்படி ஒருத்தன் உங்கள் ஊரில் கல்லில் நிற்கிறான். எங்கள் ஊரில் அவனுக்குப் பச்சையும் நீலமும் பூசி, மீசை வரைந்து, பல்லுக்கு வெள்ளை அடித்து, நூற்றைம்பது அடி உயரத்தில் நிறுத்தியிருக்கிறோம். அண்ணாந்து பார்த்தால் உங்கள் கழுத்து வலிக்கும். அவன் அங்கேயே நின்று உங்களைப் பார்த்துச் சிரிப்பான்!"

கூடம் கலகலத்தது. கொட்டாவி விட்டவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அதற்கப்புறம் நான் எங்கே நிறுத்தினேன்? ஆயிரங்கால் மண்டபத்துக்குள் கூட்டிப்போனேன். குளத்துப் படியில் உட்கார வைத்தேன். சாமி தினமும் பள்ளியறைக்குப் போகிற கதையைச் சொன்னதும் கிழவிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கோயில் வாசலுக்கு வந்தபோது கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். பிறகு, "செருப்பைக் கழற்றுங்கள். கப்பெல்லியையும் கழற்றுங்கள், ரெண்டு ப்! இருபத்திரண்டு வருடமாக நான் ஒரு ப் தான் சொன்னேன்" என்று நடந்ததை நானே போட்டு உடைத்தேன். கூரை இடிகிற மாதிரி சிரிப்பு. வீத்தோ எழுந்து நின்று நாலு பக்கமும் தலையைக் காட்டினார்.

முன் வரிசையிலிருந்த ஒரு பெரியவர் கேள்வி கேட்டார். வேகமாக, அந்த ஊர்க் கொச்சையில். முழுதாக எனக்குப் பிடிபடவில்லை. மழை, ஜனவரி என்று இரண்டு சொல் விழுந்தது. கார்லா பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரியவர், "உட்காருங்கள் சிஞ்ஞோரா. இவர் பேசுவது எங்களுக்குப் புரிகிறது. எங்களுக்குள் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று அவரைக் கையமர்த்திவிட்டு, என்னைப் பார்த்துக் கேள்வியை மறுபடி கேட்டார். ஜனவரியில் மழை வராது, வெயிலும் பொறுக்கும்படி இருக்கும் என்றேன். தலையாட்டினார். கார்லா கோபித்துக்கொள்ளவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கிப்போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

திங்கள் காலை ஆறு ஐம்பது. லெச்சே ஸ்டேஷனில் ரோம் ரயில் நின்றுகொண்டிருந்தது. தூரத்து ரயில்களுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். அந்த ஊர் மணிக்கோபுரம் நம் கோபுரத்தை விட உயரம் என்பதை இப்போது எழுத எனக்கு வருத்தமில்லை. தன் ஊரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் மதுரையில் மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

பெட்டியை ஏற்றிவிட்டு, கதவருகே நின்ற என்னிடம் ரொசெல்லா பேச ஆரம்பித்தார். எட்டு வருடமாக, போனிலும் சரி நேரிலும் சரி, குழந்தைக்குச் சோறூட்டுவது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தித்தான் என்னிடம் பேசுவார். அன்றைக்கு அவருக்கு அது மறந்துபோயிருக்க வேண்டும். வீத்தோவிடம் சண்டை போடும்போது பேசுவாரே, அந்த வேகத்தில், கையை ஆட்டி ஆட்டி, பாதி கொச்சையும் பாதி சிரிப்புமாகப் படபடவென்று ஏதேதோ சொன்னார். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்க மனசு வரவில்லை. ரயில் நகர்கிறவரை, "ஸி, ஸி" என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.