ரிமோட்டுக்குப் பொட்டு, போர்டுக்கு இல்லை

அமெரிக்காவில் எனக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான்: சும்மா இருப்பது. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்து, ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தவள், ஃப்ரீமான்ட்டில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பால்கனிக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். வார இறுதியில் யார் வீட்டுக்குப் போனாலும் ஆன்ட்டிகளுக்கு ஒரே கேள்வி. "ஏதாவது விசேஷம் உண்டா?" உண்டு ஆன்ட்டி, எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகுது என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சிரித்துவைத்துவிட்டு வருவேன்.

முதல் குளிர்காலத்தில் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு தாஹோவுக்குப் பனி பார்க்கப் போனோம். புளியோதரை, தயிர்சாதம், எல்லோர் தலையிலும் மங்கி குல்லா. குப்பைப் பையை விரித்து உட்கார்ந்து கொஞ்ச தூரம் சறுக்கினோம், ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம். "பனிய பாத்தாச்சு, கிளம்பலாமா?" என்றார்கள். அப்போது மேலேயிருந்து ஒரு பெண் ஒற்றைப் பலகையில் நின்றபடி இறங்கி வந்தாள். என் உயரம்தான் இருப்பாள். இடம் வலமாக வளைந்து வளைந்து வந்து, எங்கள் புளியோதரைக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனாள். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

அடுத்த குளிர்காலம் கணவரை நச்சரித்து மறுபடி போனேன். வாடகைக்குக் கொடுத்த ஸ்னோபோர்டு, அந்தப் பனிச்சறுக்குப் பலகை, ஆண்களுக்கானது. நல்ல அகலம், வளையவே வளையாது. என் சின்னப் பாதம் அதன் நடுவிலேயே நின்றுவிட்டது. திரும்ப வேண்டுமென்றால் விரலாலோ குதிகாலாலோ விளிம்பை அழுத்த வேண்டும். எட்டாத விளிம்பை எப்படி அழுத்துவது? நாள் முழுக்க விழுந்தேன். "உன் எடைக்கு இதெல்லாம் சரிப்படாது," என்றார் கணவர். எடை இல்லை, நெம்புகோல் நீளம் போதவில்லை என்று காரில் வீடு வரும்வரை அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் ஃப்ரீவேயைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

சீசன் முடியும் நேரத் தள்ளுபடியில் பெண்களுக்கான போர்டு ஒன்றைக் கடையில் பார்த்தேன். எனக்கு லேடீஸ் என்று எழுதியிருந்தாலே சந்தேகம். பூப்படம் போட்டுப் பலத்தைக் குறைத்திருப்பார்கள். இதிலும் பூ இருந்தது, ஆனால் இடுப்புப் பகுதி ஒடுக்கம். இரு முனையையும் பிடித்து அழுத்தினால் வளைந்தது. மலையில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அட்டை தொங்கியது. பார்த்துவிடலாம் என்று வாங்கினேன்.

அந்த மார்ச், ஏப்ரல் சனிக்கிழமைகளில் அட்டையில் எழுதியதை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இயந்திரம் உழுது சமன் செய்த சரிவில் விரலைச் சற்று அழுத்தினாலே திரும்பியது. புதுப் பனியில் எடையைப் பின்காலுக்குக் கொடுத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. மேடும் குழியுமான இடத்தில் கூடவே வளைந்துகொடுத்தது, முழங்கால் பிழைத்தது. இறுகிய ஐஸில் மட்டும் பல் கிட்டினாற்போல நடுங்கும், கை கொடுக்காது. ஆனால் மலையின் பாதி உயரம்வரைதான் போயிருந்தேன். உச்சி லிஃப்டில் கணவர் ஏறவிடவில்லை. "விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டீன்னா யாரு பாக்கறது?" என்பார்.

செப்டம்பரில் அவருடைய புராஜெக்ட்டை ஹூஸ்டனுக்கு மாற்றினார்கள். ஜனவரியில் அதன் புறநகரான சுகர் லேண்டில் வீடு. மலை கிடையாது, பனி கிடையாது, என் விசா மட்டும் அதே விசா. எனக்கு ராத்தூக்கம் போயிற்று. போவதற்குள் ஒரே ஒரு தடவை உச்சியிலிருந்து அடிவாரம்வரை, எல்லா வகைப் பனியையும் தாண்டி, யார் கையையும் பிடிக்காமல் இறங்கிவிட வேண்டும். இந்த நாட்டில் நானாக ஒன்றைச் செய்து முடித்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அதற்கென்று டிசம்பரில் ஒரு நாளைக் கணவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நடுவில் ஆயுதபூஜை வந்தது. எங்கள் ஊரில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனப் பட்டை போட்டுக் குங்குமம் வைக்காமல் அன்றைக்குப் பொழுது போகாது. கணவர் அதில் கெட்டி. நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது வீடெல்லாம் சுற்றி வந்து வைத்துவிட்டார். வந்து பார்த்தேன். காருக்கு, கம்ப்யூட்டருக்கு, மிக்சிக்கு, குக்கருக்கு. டிவி ரிமோட்டுக்குக்கூடப் பொட்டு. கதவோரம் சாய்ந்து நின்ற என் போர்டு மட்டும் மொட்டை நெற்றியோடு நின்றது. ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்பேனா நான்? சுண்டலில் உப்பு ஜாஸ்தி என்றார். போட்டதே அப்படித்தான் என்றேன்.

டிசம்பரில் போனோம். அதிசயமாக, பையிலிருந்து போர்டை எடுத்து லிஃப்ட் வரிசைவரை அவரே தூக்கி வந்து, என் காலடியில் பனியில் வைத்தார். "பாத்து வா," என்றார். "வராம எங்க போறேன்?" என்றேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. செங்குத்தில் விளிம்பு நன்றாகவே பிடித்தது. மரங்களுக்கிடையே புதுப் பனிக்குள் நுழைந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. மிதக்க வேண்டிய மூக்கு யாரோ பிடித்து இழுப்பதுபோலத் தயங்கியது. முகம்குப்புற விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். அதைத் தாண்டினால் நீளமான சமதளம். வந்த வேகத்திலேயே கடக்க வேண்டிய இடம். என் போர்டு அங்கே நின்றே விட்டது. பக்கத்தில் பொடிசுகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின.

பின்னாலிருந்து சிவப்புக் கோட்டு போட்ட மலைக்காவலர் ஒருவர் வந்து நின்றார். "எங்கே வெட்டிக்கொண்டீர்கள்? மேலிருந்து உங்கள் தடம் முழுக்க ரத்தம்," என்றார் ஆங்கிலத்தில். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பனியில் நான் வந்த வழியெல்லாம் சிவப்புத் தீற்றல். காலைப் பிணைத்திருந்த வாரைக் கழற்றிப் போர்டைக் கவிழ்த்தேன். அடிப்பாகத்தில், இரண்டு முனையிலும், மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனப் பட்டை. நடுவில் குங்குமம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. நனைந்த சந்தனத்தில் பனி கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது.

அட பாவி மனுஷா.

இது ரத்தம் இல்லை, எங்கள் பக்கம் வண்டிகளுக்குப் பூசுகிற பொடி என்று விளக்கினேன். அவர் முகம் இன்னும் கவலையானது. தலையில் அடிபட்டதா, இன்று என்ன கிழமை என்று கேட்டார். ஸ்லெட்ஜ் வண்டி வரவழைக்கிறேன், படுத்தபடி கீழே போய்விடலாம் என்று வயர்லெஸ்ஸை எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு மேலாகப் படுத்தபடிதான் இருக்கிறேன் ஐயா என்று கத்த வேண்டும்போல இருந்தது. "வெள்ளிக்கிழமை," என்றேன். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நானேதான் இறங்குவேன்."

பையில் நூலக அட்டை இருந்தது. இந்த நாட்டில் நானாகப் போய் என் பெயரில் வாங்கிய ஒரே அட்டை அதுதான். பனியில் மண்டி போட்டு அதாலேயே சுரண்டினேன். அவர் விரலால் கொஞ்சம் தொட்டு முகர்ந்து பார்த்தார். நல்ல வாசனை என்று சொல்லி, வயர்லெஸ்ஸை இடுப்பில் மாட்டினார். சமதளத்தின் முடிவுவரை போர்டைக் கக்கத்தில் இடுக்கி நடந்தேன். கீழ்ச் சரிவு முழுக்க நிழலில் இறுகிய ஐஸ். போர்டு தன் வழக்கப்படி நடுங்கியது, நானும் நடுங்கினேன். விழவில்லை.

அடிவாரத்தில் ஃபிளாஸ்கோடு நின்றிருந்தார் கணவர். வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு வாயில் இருந்தது. "அடியில போய் யாராவது சந்தனம் வைப்பாங்களாங்க?"

"ஏன், காருக்கு டயர்லதானே வைக்கறோம்? ரோட்ல படற எடத்துலதானே வைக்கணும்?" நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு, "அது நீ ஓட்டற வண்டியாச்சே," என்றார்.

அந்த வீட்டில் நான் ஓட்டும் வண்டி என்று யாரும் எதையும் சொன்னதில்லை. சேர்த்துவைத்த வசவு எங்கே போனதென்று தெரியவில்லை. காப்பியை வாங்கிக் குடித்தேன்.

சுகர் லேண்டில் சரிவு என்று சொல்ல ஃப்ரீவே மேம்பாலம்தான் உண்டு. அக்டோபரிலும் வியர்த்து ஊற்றியது. அந்த வருஷ ஆயுதபூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு கராஜுக்குள் வந்தார். கார் டயருக்கு வைத்தார். சுவரோரம் நின்ற போர்டிடம் வந்ததும் நின்று என்னைப் பார்த்தார்.

"இங்கதான் பனியே இல்லையே. அடியிலேயே வெச்சுடட்டுமா?"

"மேல வையுங்க," என்றேன். "அடி சுத்தமா இருக்கட்டும்."