செராமிக் பிரேக்குக்கு நான் சொன்ன காரணம்

நான் வைத்திருப்பது சீறிப் பாயும் கார். அதை ஓட்டுவது சேலையூர் வீட்டிலிருந்து குரோம்பேட்டை அலுவலகம் வரை. ஜி.எஸ்.டி. சாலையில் மாநகரப் பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். அவர் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்தான் என்றாலும், அதைத் துடைக்கிற துணியைக்கூட நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

பிரேக் டிஸ்க்குகளை அடுத்த சர்வீஸில் மாற்றிவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும் எனக்குள் பூதம் கிளம்பியது. பழையபடி இரும்பு டிஸ்க்கா, செராமிக்கா? இரண்டு மாதம் இதே பிழைப்பாக ஃபோனில் வீடியோ பார்த்தேன். செராமிக்கின் பெருமையெல்லாம் சூட்டில்தான். பந்தயத் தடத்தில் எத்தனை முறை மிதித்தாலும் தளராது, எடை குறைவு, சக்கரத்தில் கரி படியாது. ஆனால் சூடேறாத நிலையில் முதல் மிதிக்குச் சற்று யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். மழையில் நனைந்தால் இன்னும் கொஞ்சம் யோசிக்கும். சானடோரியம் சிக்னலில் நின்று நின்று போகிறவனுக்கு அது என்றைக்குச் சூடேறப்போகிறது?

எல்லாம் தெரிந்தும் வேண்டுமென்றுதான் இருந்தது. சக்கரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பெரிய மஞ்சள் காலிப்பரின் அழகு, வேறு காரணமே இல்லை. விலையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் சம்மதம் வாங்க வேண்டுமே, அதற்கு நான் எடுத்த ஆயுதத்தை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

போன வருட மழையில், பெரும்பாக்கம் சாலையில், இதே காரை என் மனைவி ஓட்டிவந்தபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்த ஒருவர் மேல் இடித்துவிட்டாள். அவருக்குக் கால் முறிந்தது. குணமாகி இப்போது வேலைக்குப் போகிறார். இவள்தான் குணமாகவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். அழுதவளைத் தேற்ற, "உன் மேல தப்பில்லம்மா, பிரேக் சரியா பிடிக்கல" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் ஒர்க்‌ஷாப்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக்கு சூப்பரா கீது சார்" என்றார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அன்று அது இரக்கம்தான் என்று இப்போதும் நம்புகிறேன்.

இந்த வருடம் செய்தது இரக்கமில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "செராமிக் போட்டா அந்த மாதிரி ஆகாது. டக்குனு நிக்கும்." சாதத்தில் கையை வைத்தபடி அவள் என்னைப் பார்த்தாள். விலைகூடக் கேட்கவில்லை.

"அது போட்டா நான் திரும்ப ஓட்டலாமா?"

"தாராளமா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

ஆயுத பூஜையன்று அபார்ட்மெண்ட் வாசலில் எல்லோரும் வண்டிகளைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். நான் மாலை கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பானெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தாள். கம்பிகளுக்கு நடுவே விரலை நுழைத்துப் பழைய டிஸ்க்கின் மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

"அங்க எதுக்கு?"

"இதை மாத்தப்போறோம்ல. ஒரு வருஷமா இதுமேல எனக்கு அவ்ளோ கோவம். பாவம், வயசாயிடுச்சு அதுக்கு. போகும்போது கோவத்தோட அனுப்ப வேணாம்." எழுந்து கையை நீட்டினாள். "சாவி குடுங்க. எலுமிச்சம்பழத்து மேல நானே ஏத்தறேன்."

ஒரு தப்பும் செய்யாத இரும்புத் தட்டை அவள் மன்னித்துக்கொண்டிருந்தாள். செராமிக்கை நம்பி அவள் மழையில் ஓட்டப்போகிறாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது முதல் மிதிக்கு யோசிக்கும். எதிரே இன்னொருவர் சைக்கிளோடு வருவார்.

"செராமிக் வேணாம்மா" என்றேன். "நம்ம ரோட்டுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. மழையில இதைவிட லேட்டாதான் பிடிக்கும். எனக்குப் பார்க்க அழகா இருக்குன்னு ஆசை, அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். இந்த பிரேக்ல எந்தக் கோளாறும் இல்ல."

அவள் நீட்டிய கையை இறக்கினாள். "அன்னைக்கும் இல்லையா?"

"இல்ல."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"மறுநாள் தெரிஞ்சுது."

பக்கத்து வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். அவள் ஒதுங்கி நின்றாள். சாவியை எடுத்து நீட்டினேன்; அவள் வாங்கவில்லை.

"அப்போ நான்தான் லேட்டா மிதிச்சிருக்கேன்" என்றாள். என்னிடம் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குங்குமம் ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நீங்களே ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.