சமையலுக்குப் பூ வேண்டுமா?

மகளின் நிச்சயதார்த்தத்தன்று காலை, குன்னூரில் பூ வாங்கிக்கொண்டு ஊட்டிக்குத் திரும்பும்போது பேருந்தில் ஒருவரைச் சந்தித்தேன். வழியில் மரம் விழுந்து பேருந்து நின்றுவிட்டது. மூடுபனியில் தேயிலைச் சரிவு தெரிந்து தெரிந்து மறைய, ஏதோ மேகத்துக்குள் நிறுத்திவைத்ததுபோல் இருந்தோம். கூடலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பதினொரு மணிக்கு வருகிறார்கள். பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்பவனைப்போல் புலம்பினேன்.

பக்கத்து இருக்கைக்காரருக்குக் காதை மூடிய கம்பளித் தொப்பி. விரல் மட்டும் சும்மா இருக்காது. ஆவி படிந்த கண்ணாடியில் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். கம்பைலர் ஆராய்ச்சியாம்.

"நாம எழுதற புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி மாத்தறதுங்க. வேலைகளோட வரிசையைக் கலைச்சா வேகமா ஓடும். ஆனா விடை மாறாதுன்னு முதல்ல கணக்குல நிரூபிக்கோணும். முப்பது வருசமா அதுதான் பொழப்பு."

"என் வரிசையைக் கலைங்க பாக்கலாம். முதல்ல பூ வூட்டுக்குப் போகோணும். அப்புறம் நிச்சயம் நடக்கற மண்டபத்துச் சாவி வாங்கோணும். அப்புறம் சமையல்."

வேலைக்கு ஒன்றாக மூன்று புள்ளி வைத்தார். "சமையலுக்குப் பூ வேணுங்களா?"

"வேண்டாங்க."

"சாவிக்கு?"

அதற்கும் வேண்டாமென்று தலையாட்டினேன். மங்களகரமாக இருக்கட்டுமென்று நானே போட்ட வரிசை அது. உடனே மனைவிக்குப் போன் செய்து, சாவியை வாங்கிச் சமையலை ஆரம்பிக்கச் சொன்னேன்.

அவர் நான்காவதாக ஒரு புள்ளி வைத்தார். "இது உங்க பதட்டம். இதுக்காக எந்த வேலை காத்திருக்குதுங்க?"

பூ, சாவி, சமையல் என்று விரல்விட்டு எண்ணினேன். "எதுவும் இல்லீங்க" என்றேன். புறங்கையால் அந்தப் புள்ளியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் பச்சையாகச் சரிவு தெரிந்தது.

மரத்தை அகற்றி, பேருந்து கிளம்பி, நான் மண்டபம் சேர்ந்தபோது சாம்பார் மணத்தது. செய்ய வேலையின்றிப் புன்னகைத்து நின்ற என்னைப் பார்த்து மனைவி மிரண்டுவிட்டாள்.

"ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"