கோடைக்குக் கோடை வேறொரு யூட்

கூடைப்பந்தில் பெரிய ஆட்களைப் பழக்குகிறவருக்கு நல்ல பெயர் என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற கட்டையான பிள்ளை நன்றாக விளையாடினால் "ஆர் ட்ரேனர்?" என்று கேட்பார்கள். இரண்டு மீற்றர் உயரமானவன் நன்றாக விளையாடினால் "தாய் தகப்பனும் உயரமோ?" என்றுதான் கேட்பார்கள். ஒஸ்லோவின் தெற்கு மூலையில், பியோர்ண்டாலில், ஒரு சின்னக் கழகத்தில் பன்னிரண்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். பகலில் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் ஒரு மருந்துக்கடையில் நிற்பேன். பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில், என்னைவிட அரை மீற்றர் உயரமானவர்களை அண்ணாந்து பார்த்து, "கையை உயர்த்து, இன்னும் உயர்த்து" என்று கத்துவேன். நான் ஒரு மீற்றர் ஐம்பத்தெட்டு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள், பிறகு அவ்வளவு இடமில்லை.

வருடக்கணக்காக ஒரு ஆளை உருவாக்கிக் கொடுத்துவிட்டு, வேறு யாரோ அந்த ஆளைக் கலைத்து மறுபடி கட்டுவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் கட்டாயம் இருப்பார்கள். இது உங்களுக்காகத்தான்.

சாப்பாட்டு மேசை

நான் பழக்கிய யூட்டுக்கு அப்போது பத்தொன்பது வயது, உயரம் இரண்டு மீற்றர் ஐந்து. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்னக் கல்லூரி அவனைக் கேட்டது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு அவர்களுடையது; அவன் அவர்களுக்கு விளையாட வேண்டும். தகப்பன் மரியதாஸ் அண்ணை பஸ் ஓட்டுகிறவர். தாய் ஸ்டெல்லா அக்காவுக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. இரண்டு பேரும் மன்னார். கல்லூரியின் ட்ரேனர் காணொளி அழைப்பில் வந்தபோது, அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் நடுவில் இருந்து மொழிபெயர்த்தவள் நான்.

அவர் ஒரு மணித்தியாலம் கதைத்தார். பெரிய ஆட்கள் மெல்ல மெல்லத்தான் விளைவார்களாம். முதல் வருடம் உடம்பு, அடுத்த வருடம் கால்கள், அதற்கடுத்து ஆட்டம் என்று நாலு வருடத்துக்கு அவரிடம் திட்டம் இருந்தது. "குடும்பம்" என்ற சொல்லைப் பத்துத் தடவையாவது சொன்னார். நான் அதையெல்லாம் அவர் சொன்னதைவிட அழகாகவே தமிழில் சொன்னேன். ஏனென்றால் அதுவரை நான் பழக்கிய ஒருவரையும் அமெரிக்காவில் ஒருவரும் கேட்டதில்லை. "படிப்பை முடிப்பானோ?" என்று ஸ்டெல்லா அக்கா கேட்டா. அந்தக் கேள்வியை மொழிபெயர்க்காமலே "ஓம், முடிப்பான்" என்று நானே பதில் சொன்னேன். மரியதாஸ் அண்ணை கையெழுத்துப் போடப் பேனையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்களுக்கு இந்த விளையாட்டும் தெரியாது, அந்த மனுசனையும் தெரியாது. உங்களை மட்டும்தான் தெரியும்."

முதலாம் வருடம்: பதினாலு கிலோ

முதல் வருடம் அவனை ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை. பயிற்சி உண்டு, சீருடை உண்டு, ஆனால் ஓரத்தில் இருந்து கை தட்டுகிற வேலை. உடம்பு ஏற வேண்டுமாம். ஜூனில் விமானநிலையத்தில் இறங்கியவனைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் போனேன். பதினாலு கிலோ கூடியிருந்தது. தோள் கதவுநிலைபோல் இருந்தது. ஆனால் நான் மூன்று வருடம் பாடுபட்டுக் கொடுத்த கால்கள், வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு நொடியில் திரும்புகிற அந்த லேசான கால்கள், போய்விட்டன. லொறி திரும்புவதுபோல் திரும்பினான்.

அவனுடைய கைத்தொலைபேசி மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கத்தும். உடனே எழும்பிச் சாப்பிட வேண்டும், பசி இருக்கிறதோ இல்லையோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிறதுக்கு முதலே அது கத்தியது. வெளியே வாசலில் நின்று அவித்த முட்டையாக விழுங்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்து ஸ்டெல்லா அக்கா சொன்னா:

"நான் பத்தொன்பது வருசம் சோறு குடுத்து ஏத்தாததை அவங்கள் ஒரு வருசத்தில ஏத்திப்போட்டாங்கள். ஆனா தங்கச்சி, பிள்ளை ருசிச்சுச் சாப்பிடேல்லை."

இரண்டாம் வருடம்: ஏழு நிமிடம்

அடுத்த பருவத்தில் விளையாட விட்டார்கள். ஆட்டத்துக்கு ஏழு நிமிடம். மற்றவன் பந்தைக் கொண்டு ஓட வழி கிடைக்கும்படி, துரத்துகிறவனுக்கு முன்னால் சுவர்மாதிரிப் போய் நிற்க வேண்டும். எதிரணியின் பெரிய ஆளை இடித்து மூன்று நாலு தவறு வாங்க வேண்டும். பிறகு வந்து இருந்துவிட வேண்டும். பதிவுகளை நான் அடுத்தநாள் காலை வேலைக்குப் போகிற மெட்ரோவில் பார்ப்பேன். ஒரு முழு மாதத்தில் அவன் கூடையை நோக்கி எறிந்த பந்துகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அந்தக் கோடையில் மண்டபத்துக்குக் கூட்டிப்போய், அவன் முதுகைக் காட்டி நிற்க, பந்தைக் கொடுத்தேன். இடது கையால் தலைக்கு மேலாக வளைத்துப் போடுவதை அவனுக்குப் பதினாறு வயதில் படிப்பித்தவள் நான். எங்கள் பிரிவில் அதை ஒருவராலும் மறிக்க முடியவில்லை. பந்து கையில் பட்டதும் திருப்பி எனக்கே எறிந்தான். மறுபடி கொடுத்தேன். மறுபடியும் எறிந்தான். முன்னால் ஒரு எதிராளியும் இல்லை, வெறும் மண்டபம்.

"ஏன்டா போடுறாயில்லை?"

"எனக்கு அது போட அனுமதியில்லை அக்கா."

சுவரில் ஒரு படம்

அதே கோடையில் கழகம் மண்டப வாசலில் யூட்டின் படத்தைப் பெரிதாக மாட்டியது. "எங்கள் கழகத்தில் வளர்ந்தவர்" என்று கீழே நோர்வீஜிய மொழியில் எழுத்து. படத்தில் யூட்டின் தோளில் கை போட்டு நின்றவர் தலைமை ட்ரேனர் லார்ஸ். கை எட்டுவதற்காக அவர் இருக்கை வாங்கில் ஏறி நின்றது எனக்குத் தெரியும், ஏனென்றால் படம் எடுத்தது நான். லார்ஸ் கெட்டவர் இல்லை. யூட்டின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகவே அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது, அவ்வளவுதான்.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன், என் பெயரையும் எங்கேயாவது ஒரு மூலையில் போட்டிருக்கலாமே என்று. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"ஆனால் உயரத்தைப் படிப்பிக்க முடியாது என்று எப்போதும் சொல்கிறவள் நீதானே?"

மூன்றாம் வருடம்: வெளிக்கிடாத பஸ்

நாலு வருடத் திட்டம் வைத்திருந்த அந்த ட்ரேனரைக் கல்லூரி அந்தக் கோடை நடுவிலேயே நிறுத்திவிட்டது. புதிதாக வந்தவருக்குச் சுவர் தேவையில்லை. தூரத்தில் நின்று மூன்று புள்ளிக்கு எறியத் தெரிந்த பெரிய ஆள்தான் அவருக்கு வேண்டும். பதினாலு கிலோவையும் இறக்கிக்கொண்டு வா என்று கட்டளை. தொலைபேசி இப்போது சாப்பிடாதே என்று கத்தியது. கோடையின் மிச்சம் முழுக்க நாள் ஒன்றுக்கு ஐந்நூறு பந்து எறிந்தான். நான் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். எனக்கு முதுகு பிடித்தது, அவனுக்குக் கை பிடிபட்டது. கால்களும் திரும்பி வந்தன.

தை மாதத்துக்குப் பிறகு அவன்தான் முதல் ஐந்து பேரில் ஒருவன். கசப்பை எழுதத்தான் இருக்கிறேன், ஆனால் பொய் எழுதக் கூடாது: அந்த இரண்டு மாதம் நான் சந்தோசமாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை அங்கே மத்தியான ஆட்டம், எங்களுக்கு மாலை ஏழு மணி. யூட் இருபத்தொரு புள்ளி எடுத்தான், அதில் இரண்டு இடது கையால் வளைத்துப் போட்டது. மரியதாஸ் அண்ணை அந்த நேரம் ஸ்ட்ரோம்மனில் கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்தி, தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏறினவர்களுக்கெல்லாம் "என்ர மகன், என்ர மகன்" என்று காட்டினாராம். பைகளோடு நின்ற ஒரு வயதான நோர்வீஜியப் பெண்மணி கண்ணாடியைப் போட்டு ஆறுதலாகப் பார்த்துவிட்டுச் சொன்னாவாம்:

"நல்ல உயரம். பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?"

நாற்பது விநாடிக் காணொளி

அந்த வசந்தத்தில் புது ட்ரேனர் வேறொரு கல்லூரியில் இருந்து இருபத்துநாலு வயதுப் பெரிய ஆள் ஒருவனை எடுத்துக்கொண்டார். விளைந்து முடிந்தவன் கிடைக்கும்போது, விளைகிறவனுக்கு யார் தண்ணி ஊற்றுவார்கள்? உனக்கு இடமில்லை, வேறு கல்லூரி தேடுகிறவர்களின் பட்டியலில் பெயரைப் போடு என்று யூட்டுக்குச் சொன்னார்கள். அவன் பியோர்ண்டாலுக்கு வந்து, தன்னுடைய பழைய கட்டிலில் காலை வெளியே விட்டுப் படுத்து, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஏழு கிழமை கிடந்தான். ஒருவரும் எடுக்கவில்லை. எட்டாம் கிழமை ஒரு கல்லூரி கேட்டது: இப்போது எப்படிப் பாய்கிறான் என்று நாற்பது விநாடிக் காணொளி ஒன்று அனுப்புங்கள்.

இந்தத் துண்டை எழுதாமல் விடத்தான் நினைத்தேன். அவனுடைய இடது முழங்கால் வீங்கியிருந்தது. நான் கண்டேன். நாள் முழுக்க வீங்கின முழங்காலுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், எது சும்மா வீக்கம், எது டொக்டரிடம் போகவேண்டிய வீக்கம் என்று எனக்குத் தெரியும். "கொஞ்சம்தான் அக்கா, ஸ்லாப் அவ்" என்றான். கவலைப்படாதேயுங்கோ என்பதற்கு எங்கள் பிள்ளைகள் அதைத்தான் சொல்வார்கள். நானும் கவலைப்படவில்லை. ஐஸ் வைத்தேன், களிம்பு பூசினேன், முப்பது தடவைக்கு மேல் பாய வைத்துப் படம் எடுத்தேன். நல்லதாக ஒன்று கிடைத்தது, போதும் என்றேன். அவன் அதை வாங்கிப் பார்த்தான்.

"இன்னொருக்கா எடுப்பம் அக்கா. இதில முகத்தில நோகிறது தெரியுது."

நாலாம் வருடம்: கேள்வி

அந்தக் கல்லூரி அவனை எடுத்தது. ஒக்டோபரில், முதல் ஆட்டத்துக்கு முன்னமே, பயிற்சியில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எடுக்கப் பாய்ந்தவன் இறங்கும்போது முழங்கால் விட்டுவிட்டது. இரண்டு சத்திரசிகிச்சை. முந்திய கல்லூரியில் படித்த பாடங்களில் பாதியை இவர்கள் ஏற்கவில்லை, அடுத்த வருடத்துக்கு உதவியும் இல்லை. படிப்பு முடியாமல் ஊன்றுகோலோடு வந்து இறங்கினான்.

மரியதாஸ் அண்ணை வேலை உடுப்போடு நேராக மருந்துக்கடைக்கு வந்தார். வரிசையில் நம்பர் துண்டு எடுத்து, தன் முறை வரும்வரைக்கும் இருந்து, பிறகுதான் எனக்கு முன்னால் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். "அங்கத்தை டொக்டர், இது கனநாள் காயம் எண்டு சொன்னவராம். உங்களுக்கு ஏதும் தெரியுமோ தங்கச்சி?" என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். "தெரியாது அண்ணை" என்றேன். அவர் தலையாட்டினார்.

"அதுதானே. தெரிஞ்சிருந்தா நீங்கள் விட்டிருக்க மாட்டியள்."

ஸ்ட்ரோம்மன்

யூட் இப்போது ஸ்ட்ரோம்மனில் ஒரு தளபாடக் கடையின் களஞ்சியத்தில் வேலை செய்கிறான். போன மாதம் அங்கே போனேன். கழகத்தில் புதிதாக ஒரு பெரிய ஆள் சேர்ந்திருந்தான், ஒரு மீற்றர் தொண்ணூற்றெட்டு. அந்தக் குடும்பத்துக்கு வந்து நாலு சொல்லுச் சொல்லச் சொல்லி யூட்டைக் கேட்பதாகச் சாட்டு. உண்மையில் வேறு ஒரு விஷயம் சொல்லத்தான் போனேன். அவன் அலமாரிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டான். நான் சொல்லி முடித்தேன்: முழங்காலைத் தெரியாது என்று உன்ர அப்பாவிட்டைப் பொய் சொன்னனான், போய்ச் சொல்லப்போறன் என்று.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் என் பாடு லேசாக இருந்திருக்கும். கையில் இருந்த பெட்டியைக் கவனமாக இறக்கி வைத்து, இடது காலை நீட்டிக்கொண்டு அந்தப் பெட்டிமேலேயே இருந்தான்.

"சொல்லத் தேவையில்லை அக்கா. அவருக்கு உங்களிட்டை வரமுதலே தெரியும். நாங்கள் எடுத்த காணொளி எல்லாத்தையும் நான்தான் காட்டினனான்."

புதிய பெரிய ஆள்

யூட் வர மறுத்துவிட்டதால் நானே சொன்னேன். புதியவனின் தகப்பன் சென்னையில் இருந்து கணினி வேலைக்கு வந்தவர். மண்டபத்து வாங்கிலிருந்து மரியாதையாக எழுந்து, நின்றபடியே நான் சொல்வதைக் கேட்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. பதினாலு கிலோவைச் சொன்னேன், ஏழு நிமிடத்தைச் சொன்னேன், இருபத்துநாலு வயதுக்காரனைச் சொன்னேன், காணொளியைச் சொன்னேன், ஒரு தகப்பனுக்குச் சொன்ன பொய்யையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்ததை அவர் கவனித்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார். பிறகு நடுக்களத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த தன் மகனை ஒருதரம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"ரொம்ப கஷ்டமா இருக்கு மேடம். ஆனா எங்க பையன் செலக்ட் ஆயிடுவான்ல?"

ஒரு பெரிய ஆள் விளைய நாலு வருடம் வேண்டும் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறோம், அந்த நாலு வருடமும் யாருடைய வாழ்க்கையில் இருந்து போகிறது என்பதை மட்டும் மொழிபெயர்க்க மறந்துவிடுகிறோம்.