இரண்டாவது செட்

ராசிபுரத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் அந்தத் தையல்காரம்மாவை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, கழுத்தில் அளவு நாடா, உதட்டிடுக்கில் குண்டூசிகள். அளவெடுக்கும்போது பெற்றவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. "உனக்கு எப்படி வேணும் சாமி?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும்தான் கேட்டார்.

என் மகளின் முறை வந்தபோது ஒருவன் உள்ளே பாய்ந்தான். கையில் சீருடைச் சுடிதார்.

"ஏண்டி, எம் பையனுக்கு ஆரக் கேட்டு இதத் தெச்சே?"

"போடற புள்ளையக் கேட்டுத்தானுங்க. பள்ளிக்கூடத்துலயும் சரின்னுட்டாங்க. அது பொண்ணுதானுங்க."

ஓங்கி அறைந்தான். குண்டூசிகள் உதட்டைக் கிழித்தன. தையல் மெஷினை எட்டி உதைத்துச் சாய்த்தான். அவருடைய கத்தரியையே எடுத்துச் சுடிதாரைக் கண்டதுண்டமாக வெட்டி, அவர் முகத்தில் எறிந்துவிட்டுப் போனான். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

அவர் ஒரு துண்டுத் துணியால் ரத்தத்தைத் துடைத்தார். "யூனிபாரம்னா எப்பவும் ரெண்டு செட்டுங்க. இன்னொண்ணு அந்தப் புள்ளையோட டீச்சர்கிட்ட பத்திரமா இருக்குது" என்றார்.

பிறகு நாடாவை எடுத்து என் மகளிடம் குனிந்தார். "கை எவ்வளவு நீளம் வேணும் சாமி?"

நான் முந்திக்கொண்டு, "முழுக்கை வெச்சிருங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. உதட்டில் ரத்தம் வழிய, என் மகள் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்.